வீட்டு சர்வருக்கு எந்த இயக்க முறைமை? இலவசத்தையும் எடை போட்டே வாங்குவோம்



2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையைத் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்ட வணிகர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 94 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு திருநெல்வேலி ஜங்ஷன் பகுதியில் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. எங்கள் மளிகை மொத்தக் கடையும் தப்பவில்லை. துவரம் பருப்பு, உளுந்து, சீனி என்று தரையோடு அடுக்கியிருந்த மூட்டைகள் ஊறிப் போயின. சரக்கில் நஷ்டம் இவ்வளவு என்று ஒரே வாரத்தில் கணக்குப் போட்டு விட்டோம். மேஜைக்குக் கீழே இருந்த கணிப்பொறி மூழ்கியதால் வந்த நஷ்டத்தைத்தான் பல மாதம் ஆகியும் எங்களால் முழுதாகக் கணக்கிட முடியவில்லை.

கணக்கு முழுவதும் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருந்தது. நகல் எடுக்காமல் இல்லை. பென் டிரைவில் எடுத்து, பத்திரமாக இருக்கட்டும் என்று அதே மேஜையின் கீழ் டிராயரில் வைத்திருந்தோம். பெட்டியும் போயிற்று, நகலும் போயிற்று. ஜூலை மாதம் ஆடிட்டருக்கு அனுப்பிய ஒரு நகல் மட்டும் மிஞ்சியது. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை நாலரை மாதக் கணக்கு கையில் இல்லை.

ஜி.எஸ்.டி. தளத்தில் எல்லாம் இருக்குமே என்று பலர் கேட்டார்கள். நவம்பர் வரை நாங்கள் தாக்கல் செய்த விற்பனை விவரம் இருந்தது உண்மை. ஆனால் அதில் பதிவு பெற்ற வியாபாரிகளுக்குப் போட்ட பில்தான் தனித்தனியாக இருக்கும். பதிவு இல்லாத சிறு கடைகளுக்கு விற்றது மொத்தத் தொகையாக மட்டுமே இருக்கும். யார் எவ்வளவு கட்டினார், பாக்கி எவ்வளவு என்பது அரசாங்கத்தின் ஏட்டில் எங்குமே இருக்காது. அது நம் பேரேட்டில் மட்டுமே உள்ள சங்கதி.

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொண்டு கடை கடையாகப் போனோம். அந்தக் கடைக்காரர்களும் நம்மைப் போல வெள்ளத்தில் சரக்கை இழந்து நின்றவர்கள். அவர்களிடம் போய், "அண்ணாச்சி, நீங்க எங்களுக்கு எவ்வளவு தரணும்?" என்று நாங்களே கேட்கும் நிலை வந்தது. பெரும்பாலானோர் மனசாட்சிப்படி சொன்னார்கள். முக்கூடல் பக்கம் சிறு கடை நடத்தும் ஓர் அம்மா, நாங்கள் மனதில் நினைத்திருந்ததைவிட நாலாயிரம் ரூபாய் கூடுதலாகச் சொல்லி, தம் சிட்டையையும் எடுத்துக் காட்டினார். சிலரோடு பேச்சு ஒத்துப் போகவில்லை. கட்டி விட்டேன் என்றார்கள். இல்லை என்று சொல்ல எங்களிடமும் ஏடு இல்லை. அவர்கள் சொன்னதையே ஏற்றுக் கொண்டோம். ஏறக்குறைய இரண்டே முக்கால் லட்சம் ரூபாய் வராமல் போயிற்று. அதைவிட, இருபது ஆண்டுப் பழக்கமுள்ள இரண்டு வாடிக்கையாளர்களோடு ஏற்பட்ட மனக்கசப்பு இன்னும் தீரவில்லை. எழுதாத கடனுக்கு அழுதால் தீருமா என்று பெரியவர்கள் சொன்னது எழுதி அழிந்த கடனுக்கும் பொருந்தும் என்று கண்டு கொண்டோம்.

அதன் பிறகுதான் எங்கள் வீட்டு மாடியில் ஒரு சர்வர் வைத்தோம். அதற்கு எந்த இயக்க முறைமை போடுவது என்று தேடி, விசாரித்து, ஒரு முறை ஏமாந்தும் கற்றுக் கொண்டதை நமது சங்க உறுப்பினர்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். நாங்கள் பள்ளிப் படிப்போடு கல்லாவில் உட்கார்ந்தவர்கள். ஆகவே வியாபாரிக் கணக்காகவே இதை எழுதுகிறோம்.

சர்வர் என்றால் என்ன?

சர்வர் என்றதும் வங்கியில் குளிர்சாதன அறையில் இருக்கும் பெரிய பெட்டி நினைவுக்கு வரும். அவ்வளவு தூரம் போக வேண்டாம். நாள் முழுவதும் ஓடிக் கொண்டிருந்து, மற்ற கணிப்பொறிகளின் கோப்புகளை வாங்கி வைத்து, கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும் எந்தக் கணிப்பொறியும் சர்வர்தான். கடை என்பது பில் போடும் இடம், குடோன் என்பது சரக்கைப் பத்திரப்படுத்தும் இடம் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம் அல்லவா? சர்வர் கணக்குக்கான குடோன். இயக்க முறைமை என்பது அந்தக் குடோனின் சாவியை வைத்திருக்கும் ஆள். எந்த மூட்டை எங்கே, யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்பதெல்லாம் அவன் பொறுப்பு.

இது வெறும் வசதி மட்டுமல்ல, சட்டமும் இதைக் கேட்கிறது. 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவுப்படி, ஓர் ஆண்டின் கணக்கை அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2023-24 ஆண்டுக்கான கடைசி நாள் 2024 டிசம்பர் 31. ஆகவே அந்தக் கணக்கு 2030 டிசம்பர் வரை இருந்தாக வேண்டும். மின்னணு முறையில் கணக்கு வைப்போர், விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ அது அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி நகல் வைத்திருக்க வேண்டும் என்று 57-ஆம் விதி சொல்கிறது. வெள்ளம் வந்து விட்டது என்பது அதிகாரியிடம் அனுதாபத்தைப் பெற்றுத் தரலாம், கணக்கைப் பெற்றுத் தராது.

முதல் யோசனையும் அதன் ஆபத்தும்

வெள்ளத்தில் தப்பிய பழைய கணிப்பொறி ஒன்று மாடியில் இருந்தது. 2016-இல் மகன் படிப்புக்காக வாங்கியது. நினைவகம் 8 ஜி.பி. "அதையே சர்வர் ஆக்கிரலாம், விண்டோஸ் நான் சும்மாவே போட்டுத் தாரேன்" என்றார் தெரிந்தவர் ஒருவர். சும்மா என்றால் உரிமம் இல்லாத திருட்டு நகல். நம்மில் பல கடைகளில் இன்றும் இப்படித்தான் ஓடுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு என்ன சொல்கிறது என்பதை வணிகர்கள் தெரிந்து கொள்வது நல்லது. தெரிந்தே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, ரூ. 50,000 முதல் ரூ. 2 லட்சம் வரை அபராதம். லாபத்துக்காகவோ வியாபாரத்துக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விடலாம் என்று ஒரு சலுகை உண்டு. கடைக் கணக்கு வைப்பவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. வீட்டில் வைத்திருந்தாலும் அதில் ஓடுவது வியாபாரக் கணக்குதானே!

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். திருட்டு நகலை ஓட வைப்பதற்கென்று இணையத்திலிருந்து இறக்கும் சிறு நிரல்களோடு வைரஸும் சேர்ந்து வருவது வழக்கம். பூட்டுச் செய்தவனே கள்ளச் சாவியையும் வைத்துக் கொண்டால் குடோன் என்ன ஆகும்?

விலை கொடுத்து வாங்கினால்?

அடுத்து முறையாக விலை கொடுத்து வாங்குவதை விசாரித்தோம். விண்டோஸ் சர்வர் என்றே தனிச் சரக்கு இருக்கிறது. அதன் சாதாரணப் பதிப்புக்கே அமெரிக்க விலைப்பட்டியலில் ஆயிரம் டாலருக்கு மேல் ஆகிறது. அதோடு முடியவில்லை. அதைப் பயன்படுத்தும் ஆளுக்கோ கணிப்பொறிக்கோ தனித்தனியாக அனுமதி உரிமம் வாங்க வேண்டும். நூறு பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு அது சரியான சரக்கு. இரண்டு கணிப்பொறி வைத்திருக்கும் மளிகைக் கடைக்கு அது நெல் மூட்டை தூக்க லாரி வாங்கியது போல.

சாதாரண விண்டோஸையே சர்வராக வைக்கலாமா? வைக்கலாம். வேறு 20 கணிப்பொறிகள் வரை அதிலுள்ள கோப்புகளைப் பகிர்ந்து கொள்ள உரிமம் இடம் தருகிறது. நம் அளவுக்கு அது தாராளம். ஆனால் எங்கள் பழைய பெட்டியில் இருந்தது விண்டோஸ் 10. அதற்குப் பாதுகாப்பு ஒட்டுப் போடுவதை 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்தப் போவதாக மைக்ரோசாஃப்ட் முன்கூட்டியே அறிவித்திருந்தது, அப்படியே நிறுத்தியும் விட்டது. பதிவு செய்தோ பணம் கட்டியோ கொஞ்ச காலம் நீட்டிக்க வழி வைத்தார்கள். அது தவணை வாங்குவது போல, கடன் தீர்ந்ததாக ஆகாது. விண்டோஸ் 11 போடலாம் என்றால், அது கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறைச் செயலியும் 2016-ஆம் ஆண்டுப் பெட்டியில் இல்லை. ஆகப் புதுக் கணிப்பொறியும் வாங்கி, புது விண்டோஸும் வாங்க வேண்டும்.

ஒட்டு என்று சொன்னோமே, அது ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற வைரஸ் உலகெங்கும் பரவி, கணிப்பொறிகளில் உள்ள கோப்புகளைப் பூட்டி விட்டுப் பணயத் தொகை கேட்டது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகளே முடங்கின. அது புகுந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே ஒட்டுக் கொடுத்திருந்தது. போட்டுக் கொண்டவர்கள் தப்பினார்கள், போடாதவர்கள் மாட்டினார்கள். ஒட்டு நின்று போன இயக்க முறைமை என்பது கூரை ஒழுகினாலும் சரி செய்ய ஆள் வராத குடோன்.

இலவசச் சரக்கின் பல்லைப் பார்த்தோம்

எங்கள் கணிப்பொறியைப் பழுது பார்க்கும் தம்பி, "அண்ணாச்சி, லினக்ஸ் போடலாம். காசு கிடையாது, சட்டப்படியும் தப்பு இல்ல" என்றார். கணக்கைக் கவனிக்கும் எங்கள் மருமகள் உடனே, "மாமா, காசு வாங்காம குடுக்கிறவங்க நாளைக்கு நிறுத்திட்டா யார்கிட்ட போய்க் கேக்கிறது?" என்று கேட்டார். எல்லா வணிகரும் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இந்த விஷயத்தில் பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும்.

லினக்ஸ் என்பது 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற கல்லூரி மாணவர் தொடங்கி வைத்தது. எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்ற உரிமத்தோடு வருவதால், உலகெங்கும் பல நிறுவனங்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து வளர்த்து வருகிறார்கள். அதன் மையத்தை எடுத்துக் கொண்டு, தேவையான மற்ற மென்பொருள்களையும் சேர்த்துக் கட்டித் தருபவர்கள் பலர். ஒரே பருப்பைப் பல மில்காரர்கள் தத்தம் மார்க்காவில் பை போட்டுத் தருவது போலத்தான். பருப்பு ஒன்றானாலும் மில்லைப் பார்த்து வாங்க வேண்டும்.

மருமகள் பயந்தது வீண் பயமும் அல்ல. சென்டோஸ் என்ற இலவச மார்க்காவை ஏராளமான நிறுவனங்கள் சர்வரில் வைத்திருந்தன. அதன் 8-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு என்று நம்பித்தான் போட்டார்கள். 2020 டிசம்பரில், 2021 முடிவோடு அது நின்று விடும் என்று அறிவிப்பு வந்தது. எட்டு ஆண்டு ஒரே ஆண்டாகச் சுருங்கிற்று. அதன் இடத்தை நிரப்ப ஆல்மாலினக்ஸ், ராக்கிலினக்ஸ் என்று 2021-இலேயே இரண்டு மார்க்காக்கள் புறப்பட்டதால் பலர் தப்பித்தார்கள்.

அப்படியானால் காசு கொடுத்தால் கவலை இல்லையா என்றால் அதுவும் இல்லை. வீட்டு சர்வருக்கென்றே மைக்ரோசாஃப்ட் 2007-இல் 'விண்டோஸ் ஹோம் சர்வர்' என்று ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 2011-இல் இரண்டாம் பதிப்பும் வந்தது. 2012-இல், இனி அடுத்த பதிப்பு கிடையாது என்று அறிவித்து விட்டார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களும் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது ஒன்று விளங்கியது. விலை இருக்கிறதா இல்லையா என்பதை வைத்துச் சரக்கை முடிவு செய்யக்கூடாது. இதன் பின்னால் நிற்பவர் யார், எத்தனை ஆண்டு ஒட்டுப் போடுவார், பழுதானால் நம் ஊரில் பார்க்க ஆள் உண்டா, மின்சாரம் எவ்வளவு இழுக்கும் என்ற நான்கையும் கூட்டி வருவதுதான் உண்மையான விலை.

எதை எதைப் பார்த்தோம்?

உபுண்டு: 2004 முதல் வருகிறது. கேனானிக்கல் என்ற நிறுவனம் பின்னால் நிற்கிறது. இரட்டைப்படை ஆண்டுகளின் ஏப்ரலில் நீண்ட காலப் பதிப்பு ஒன்று வரும், அதற்கு ஐந்து ஆண்டு ஒட்டு உண்டு. பெயர் பதிந்து கொண்டால் ஐந்து கணிப்பொறிகள் வரை அதற்கு மேலும் இலவசமாக நீட்டித்துத் தருகிறார்கள். நல்ல சரக்கு.

டெபியன்: 1993-இல் தொடங்கியது. உபுண்டுவே இதிலிருந்து கட்டப்பட்டதுதான். இதன் பின்னால் முதலாளி என்று யாரும் கிடையாது. உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தமக்குள் தேர்தல் வைத்துத் தலைவரைத் தேர்ந்தெடுத்து நடத்துகிறார்கள், ஏறக்குறைய நமது வணிகர் சங்கம் போல. ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றுக்கும் மொத்தம் ஐந்து ஆண்டு ஒட்டு. ஒரு முதலாளி மனம் மாறி நிறுத்தி விடுவார் என்ற பயம் இதில் இல்லை. நமது இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயக்க முறைமைக்கும் இதுவே அடிப்படை.

ட்ரூநாஸ்: கோப்புகளைப் பத்திரப்படுத்துவதற்கென்றே வந்தது. வட்டில் எழுதியது தானாகக் கெட்டுப் போயிருந்தால் கண்டுபிடித்துச் சொல்லும் திறமை உண்டு. ஆனால் 8 ஜி.பி. நினைவகம் என்பது இதற்குக் குறைந்தபட்சத் தேவை. இயக்க முறைமைக்கு மட்டுமே ஒரு வட்டை முழுதாக ஒதுக்கவும் வேண்டும். நிறைய வட்டுகள் வைப்போருக்கு ஏற்றது.

ஓப்பன்மீடியாவால்ட்: டெபியன் மேல் கட்டியது. எல்லாவற்றையும் இணையப் பக்கம் போன்ற திரையில் தட்டியே சரி செய்து கொள்ளலாம். கறுப்புத் திரையில் கட்டளை தட்டப் பயப்படுவோர் இதைப் பார்க்கலாம்.

அன்ரெய்டு: இது விலைக்கு விற்பது. வெவ்வேறு அளவுள்ள பழைய வட்டுகளைச் சேர்த்துப் பயன்படுத்த வசதியானது. 2024 மார்ச்சிலிருந்து குறைந்த விலை உரிமங்களுக்கு ஓராண்டுப் புதுப்பிப்பு மட்டும் தந்து, பிறகு தொடரக் கட்டணம் கேட்கும் முறைக்கு மாறி விட்டார்கள்.

நாங்கள் டெபியனை எடுத்தோம். 2024 பிப்ரவரியில் 12-ஆம் பதிப்பைப் போட்டோம். உபுண்டுவும் எங்களுக்குப் பொருந்தியிருக்கும். பழுது பார்க்கும் தம்பிக்கு டெபியன் கைப்பழக்கம் என்பதே முடிவைத் தீர்த்தது. ஊரில் தெரிந்த ஆள் இருப்பது பெரிய கம்பெனி முத்திரையைவிட மேல் என்பது மொத்த வியாபாரத்தில் நாம் கண்டதுதானே. 2025 ஆகஸ்டில் 13-ஆம் பதிப்பு வந்தது. சில மாதம் பொறுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்திருந்தபோது அதற்கு மாறினோம். மாறியதற்குத் தம்பியின் கூலியைத் தவிர வேறு செலவில்லை.

எங்கள் ஏற்பாடு

கணக்கு மென்பொருளும் பில் போடுவதும் கடையில் உரிமத்தோடு வாங்கிய விண்டோஸிலேயே இருக்கின்றன. டேலி போன்றவை விண்டோஸுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றை லினக்ஸில் ஓட்டிப் பார்க்கும் வீண் வேலையில் நாங்கள் இறங்கவில்லை. எல்லாவற்றையும் இலவசத்துக்கு மாற்றி விடுங்கள் என்று யாராவது சொன்னால் அவசரப்பட வேண்டாம் என்று உறுப்பினர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.

சர்வர் வீட்டு மாடியில் இருக்கிறது. வீடும் கடையும் ஒரே கட்டடம், ஆகவே ஒரே கம்பியில் இணைப்பு. விண்டோஸும் லினக்ஸும் கோப்புகளைக் கொடுத்து வாங்கிக் கொள்ள 'சாம்பா' என்ற மென்பொருள் தொகுப்பு உதவுகிறது. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்பவர் 1992 வாக்கில் தொடங்கியது. மாறிய கோப்புகளை மட்டும் பார்த்து நகல் எடுக்கும் 'ஆர்சிங்க்' என்ற மென்பொருளும் 1996-இல் அவர் உருவாக்கியதே. இரண்டும் இலவசம், இரண்டும் டெபியனோடு கிடைக்கின்றன.

இதில் ஒரு முக்கியமான விஷயம். கடைக் கணிப்பொறி சர்வருக்குள் எழுதும்படி நாங்கள் வைக்கவில்லை. இரவு கடை அடைத்து, கணக்கு மென்பொருளை மூடிய பிறகு, பத்தரை மணிக்குச் சர்வரே கடைக் கணிப்பொறிக்குள் வந்து பார்த்து எடுத்துக் கொள்கிறது. காரணம், கடைக் கணிப்பொறியில் வைரஸ் புகுந்தால் அது எழுத முடிகிற எல்லா இடத்தையும் பூட்டி விடும். சர்வரில் எழுத வழி திறந்திருந்தால் நகலும் சேர்ந்து போகும். அதோடு, நேற்றைய நகலின் மேல் இன்றைய நகலை எழுதி விடாமல், ஏழு நாளுக்கு ஏழு, நாலு வாரத்துக்கு நாலு, பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு என்று தேதி போட்டுத் தனித்தனியாக வைக்கிறது. போன மாதம் நடந்த தப்பு இந்த மாதம்தான் தெரிய வந்தால், பின்னால் போய்ப் பார்க்க வழி வேண்டும்.

இரண்டு வெளி வட்டுகள் வைத்திருக்கிறோம். ஒன்று சர்வரோடு இருக்கும், மற்றொன்று மதுரையில் மகள் வீட்டில் இருக்கும். மாதம் ஒரு முறை யாராவது போகும்போது மாற்றிக் கொள்கிறோம். தண்ணீர் மாடிக்கு வராது. தீயும் திருடனும் வரலாம் அல்லவா?

இயக்க முறைமைக்குச் செலவு ஒன்றுமில்லை. சர்வருக்குள் போட ஒரு புது வட்டு, வெளி வட்டு இரண்டு, தம்பியின் கூலி, ஒரு சிறு யு.பி.எஸ். ஆக அப்போது எல்லாம் சேர்த்து ரூ. 22,000 அளவில் முடிந்தது. மின்சாரத்தையும் கணக்கில் எடுங்கள். பழைய பெட்டி 50 வாட் இழுத்தால் நாளுக்கு 1.2 யூனிட், இரு மாத பில்லில் 72 யூனிட் ஏறும். இப்போது கிடைக்கும் சிறு பெட்டிகள் 10 வாட்டில் ஓடினால் அதே இரு மாதத்துக்கு 15 யூனிட்டுக்குள் அடங்கும். பழையது பழுதாகும்போது சிறியதற்கு மாறுவது என்று முடிவு செய்திருக்கிறோம். இயக்க முறைமை அதேதான், ஆகவே கற்றது வீண் போகாது.

நாங்கள் ஏமாந்த இடம்

இவ்வளவும் செய்து விட்டு நிம்மதியாக இருந்தோம். 2024 ஜூன் மாதம் மருமகள் தவறுதலாக ஒரு வாடிக்கையாளரின் பக்கத்தை அழித்து விட்டார். "பரவாயில்லை, சர்வரில் இருக்கிறது" என்று பெருமையோடு மாடிக்குப் போனோம். அங்கே கடைசி நகல் 19 நாளுக்கு முந்தையது! கடைக் கணிப்பொறியின் கடவுச்சொல்லை இடையில் மாற்றியிருக்கிறோம். சர்வரிடம் பழைய சொல்தான் இருந்தது. அது தினமும் பத்தரை மணிக்கு வந்து கதவைத் தட்டி விட்டு, திறக்காததால் திரும்பிப் போயிருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அதுவும் சொல்லவில்லை. நல்ல வேளையாகக் கையெழுத்துச் சிட்டையை வைத்து அந்தப் பக்கத்தை எழுதி முடித்தோம். வெள்ளம் மட்டும் அந்த 19 நாளுக்குள் வந்திருந்தால் மறுபடியும் நோட்டுப் புத்தகத்தோடு கடை கடையாகத்தான் போயிருப்போம்.

தப்பு டெபியனுடையது அல்ல, எங்களுடையது. அதன் பிறகு இரண்டு வழக்கங்கள் வைத்தோம். நகல் எடுத்ததா இல்லையா என்று சர்வர் தினமும் மருமகளுக்கு மின்னஞ்சல் அனுப்பும். வரவில்லை என்றாலும் அன்றே விசாரிப்பார். இரண்டாவது, மாதாமாதம் அமாவாசையன்று கடையில் பூஜை முடிந்ததும், சர்வரிலிருந்து ஒரு நாள் கணக்கை வேறொரு கணிப்பொறியில் மீட்டு எடுத்து, அன்றைய ரொக்கச் சிட்டையோடு ஒத்துப் பார்ப்போம். கால் மணி நேர வேலை. மீட்டுப் பார்க்காத நகல் எண்ணிப் பார்க்காத பணக்கட்டு போலத்தான்.

உறுப்பினர்கள் கவனத்துக்கு

ஒரே ஒரு கணிப்பொறி வைத்திருக்கும் சில்லறைக் கடைக்குச் சர்வரே தேவையில்லை. இரண்டு வெளி வட்டு வாங்கி, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வேறு வீட்டிலும் வைத்து, வாரம் ஒரு முறை மாற்றிக் கொண்டால் போதும். இரண்டு மூன்று கணிப்பொறியும் குடோனும் உள்ளவர்கள் சர்வர் வைக்கலாம்.

வெளியூரிலிருந்தும் பார்க்கலாம் என்று சொல்லிச் சர்வரை நேரடியாக இணையத்துக்குத் திறந்து விடுவதை ஏற்காதீர்கள். வீட்டுக்குள் மட்டும் இருக்கட்டும். இலவசம்தானே என்று போட்டு விட்டு ஒட்டுப் போடாமல் விடவும் வேண்டாம். ஒட்டுகள் தானாக வரும்படி செய்து விட்டுத்தான் தம்பியைக் கூலி வாங்கிக் கொண்டு போகச் சொல்ல வேண்டும். போடுவதற்கு முன்பே, இந்தப் பதிப்புக்கு எந்த ஆண்டு வரை ஒட்டு என்று கேட்டுப் பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். எண்ணெய் டின்னில் காலாவதித் தேதி பார்க்கும் நாம் இதிலும் பார்க்க வேண்டாமா? கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, வீட்டுப் பெரியவர் கையில் கொடுங்கள். தம்பி ஊர் மாறிப் போனாலும் சாவி நம்மிடம் இருக்க வேண்டும்.

நமது சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். தராசு முத்திரை வைக்கும் முகாமுக்குச் சங்கம் ஏற்பாடு செய்வது போல, ஆண்டுக்கு ஒரு முறை மழைக்காலத்துக்கு முன், புரட்டாசி மாதத்தில், கணக்கு நகல் சோதனை முகாம் ஒன்று வைக்கலாம். பெரிய செலவில்லை. விவரம் தெரிந்த இரண்டு இளைஞர்கள் கடை கடையாகப் போய், "உங்கள் நகலை மீட்டுக் காட்டுங்கள்" என்று கேட்டால் போதும். ஐப்பசி மழை வருவதற்குள் எத்தனை கடைகளில் நகல் இல்லை என்பது தெரிந்து விடும். எங்கள் கடையில்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்று இப்போதே பெயர் கொடுத்து விட்டோம்.